வண்டி படிக்கிறது, சத்தம் போடாதீர்கள்

ஓமலூரில் புத்திசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கதையில் அவர்கள் யாரும் வரமாட்டார்கள். வருவது நாங்கள் மூன்று பேர். மோட்டார் சைக்கிள் நண்பர்கள் மன்றத்தின் தலைவர் சித்தேஸ்வரன், செயலாளர் எல்லப்பன், அப்புறம் தெய்வசிகாமணியாகிய நான். நான் மட்டும் ஏன் வெறும் உறுப்பினர் என்றால், மன்றத்தில் இருந்த ஒரே வண்டி என்னுடையது. வண்டியும் பதவியும் ஒருத்தனிடமே இருந்தால் ஆணவம் வந்துவிடுமாம். தலைவர் சொன்னார், நானும் சரி என்றேன்.

அந்த வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கம்பீரமாக இல்லை என்று தலைவர் ஒரு பெரிய சைலன்சரை மாட்டச் சொன்னார். மாட்டினோம். கம்பீரம் வந்தது, ஓட்டம் போய்விட்டது. உள்ளே போகிற காற்றுக்கும் பெட்ரோலுக்கும் கணக்கு ஒத்துவராமல், கொஞ்சம் மேடு வந்தாலே இருமும், அப்புறம் நின்றுவிடும். இறங்கித் தள்ளுவோம்.

தள்ளித் தள்ளியே காலம் போயிருக்கும். அதற்குள் எனக்கு ஏற்காட்டில் பெண் பார்த்துவிட்டார்கள். பெயர் பூங்கோதை. அப்பாவுக்குக் காப்பித் தோட்டம். தோட்டத்து ஜீப்பை ஓட்டுவதே அந்தப் பெண்தான். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளே போன் செய்தாள்.

"இதுக்கு முன்னாடி பார்க்க வந்தவரு பஸ்ல வந்து, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாருங்க. மலை ஏறத் தெரியாத மாப்பிள்ளை எனக்கு வேணாம். நீங்க உங்க வண்டியிலயே வாங்க. தள்ளிக்கிட்டு மட்டும் வந்துடாதீங்க. வந்தா, அப்படியே திருப்பித் தள்ளிக்கிட்டுப் போயிடலாம்."

மன்றம் அவசரமாகக் கூடியது. சேலத்தில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஜப்பார் பாயிடம் போனோம். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு பெட்டியை மாட்டினார். சைலன்சருக்குள் ஒரு சென்சார் வைத்து அதிலிருந்து பெட்டிக்கு ஒயர் இழுத்தார்.

"இந்த சென்சார் புகையை மோந்து பார்க்கும். பெட்ரோல் அதிகமா, கம்மியான்னு பெட்டிக்குத் தெரிஞ்சுடும். அதுவே கூட்டிக் குறைச்சுக்கும். ஓட்ட ஓட்ட அதுவே கத்துக்கும்."

"நாங்க என்ன பண்ணணும் பாய்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். எப்பவும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க. நடுவுல எதையும் நோண்டாதீங்க. பெட்ரோலைப் பத்திக் கவலையே படாதீங்க, எவ்வளவு வேணும்னு அது பார்த்துக்கும்."

பாய் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

கடை வாசலிலேயே முதல் விவாதம் தொடங்கியது.

"நாம எப்பவும் எப்படி ஓட்டுவோம்?" என்றார் தலைவர்.

எல்லப்பன் யோசித்துச் சொன்னான். "மூணு பேரா உட்காருவோம். டீக்கடையில நிப்போம். அப்புறம் ரயில்வே பாலத்து மேட்டுல வண்டி நின்னுடும், தள்ளுவோம்."

"அதுல ஒண்ணும் குறையக் கூடாது" என்றார் தலைவர்.

குறைக்கவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து போனோம். டீ குடித்தோம். பெட்டிக்குக் கெட்ட புகை பழகிவிடும் என்று எல்லப்பன் பீடியை மட்டும் நாலு கடை தள்ளிப் போய்க் குடித்துவிட்டு வந்தான். கொஞ்ச நாளில் ஒரு வினோதம் நடந்தது. ரயில்வே பாலத்து மேட்டில் வண்டி நிற்கவில்லை. இருமலும் இல்லை, அது பாட்டுக்கு மேலே ஏறியது.

"ஐயோ, நிக்கலையே" என்றேன்.

"மறந்துடுச்சு போல. ஆஃப் பண்ணு" என்றார் தலைவர்.

ஆஃப் செய்தோம். வழக்கம்போல இறங்கித் தள்ளினோம். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், "நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?" என்று கேட்டார். அவருக்கு இதெல்லாம் விளங்காது என்று பதில் சொல்லாமல் விட்டோம்.

அடுத்த சிக்கல் இண்டிகேட்டர். பாய் பெட்டி மாட்டும்போது கைபட்டு இடது பக்க இண்டிகேட்டர் எரிய ஆரம்பித்திருந்தது. எதையும் நோண்டாதே என்று சொல்லியிருக்கிறார். அதனால் அணைக்கவில்லை. இடது பக்கம் விளக்கு எரியும்போது வலது பக்கம் திரும்புவது ஊரை ஏமாற்றுகிற வேலை என்று தலைவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் இடது பக்கம் மட்டுமே திரும்பினோம். பக்கத்துத் தெருவில் இருக்கும் ரேஷன் கடைக்குப் போக ஊரையே சுற்ற வேண்டியிருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடையை மூடிவிடுவார்கள்.

பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போதெல்லாம் பங்க்குக்காரர் கை காட்டுவார். தலைவரும் திருப்பிக் கை காட்டுவார், மந்திரி மாதிரி. இனி அது பார்த்துக்கொள்ளுமே, நமக்கென்ன அங்கே வேலை? பெட்ரோல் முள் மட்டும் நாளுக்கு நாள் கீழே இறங்கியது.

"முள்ளு சாயுதுங்க தலைவரே" என்றான் எல்லப்பன்.

"படிக்கிற புள்ளை தலை குனிஞ்சுதான் இருக்கும்" என்றார் தலைவர்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் பட்டது.

பெண் பார்க்கும் நாள் வந்தது. அப்பாவும் அம்மாவும் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் எல்லப்பன். மூன்று பேராகப் படித்த வண்டி, ஒரு ஆளாகப் போனால் பயந்துவிடும் அல்லவா?

மலைப்பாதையில் வலது பக்க வளைவுகளும் உண்டு என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. வண்டியை ஓரங்கட்டி விவாதித்தோம். கடைசியில், ஒவ்வொரு வலது வளைவிலும் எல்லப்பன் வலது கையை நீட்டி, பின்னால் வருகிறவர்களைப் பார்த்து "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்வது என்று முடிவானது.

வண்டி ஏறியது பாருங்கள், அப்படி ஓர் ஏற்றம். மூன்று பேரைச் சுமந்துகொண்டு ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூங்கோதை வாசலில் நிற்பாள், நான் போய் ஜம்மென்று இறங்குவேன் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். எல்லப்பன் பின்னால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான்.

உச்சிக்கு இரண்டு வளைவு கீழே வண்டி நின்றுவிட்டது.

எல்லப்பன் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். வண்டியைக் குலுக்கிக் காதை வைத்துக் கேட்டான். "காலிங்க" என்றான்.

"காலின்னு நமக்கே தெரியுது, அதுக்குத் தெரியாதா?" என்றார் தலைவர். "பாய் என்ன சொன்னாரு? எவ்வளவு வேணும்னு அது பார்த்துக்கும். இவ்வளவு நாளா பெட்ரோலைக் குறைச்சுக் குறைச்சுக் குடிச்சுப் பழகுச்சு. இப்ப பெட்ரோலே இல்லாமப் போகக் கத்துக்குது. இதான் கடைசிப் பாடம்."

"எப்ப முடிக்கும்?" என்றேன்.

"படிப்பு விஷயம் தம்பி. அவசரப்படுத்தக் கூடாது."

தள்ளிக்கொண்டு போனால் கல்யாணம் இல்லை. நின்றால் படிப்பு எப்போது முடியும் என்று தெரியாது. சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. அப்போது மேலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தது பூங்கோதை. போட்டோவில் இருந்ததைவிட அழகாக இருந்தாள், போட்டோவில் இருந்ததைவிடக் கோபமாகவும் இருந்தாள்.

"உங்க அப்பா அம்மா கேசரி சாப்பிட்டு முடிச்சுட்டாங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க? பெட்ரோல் தீர்ந்துடுச்சா? மருந்தடிக்கிற மெஷினுக்கு வாங்கினது கேன்ல இருக்கு, தரட்டுங்களா?"

"ஊத்திடாதம்மா" என்று தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "படிச்சதெல்லாம் பாழாயிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். பெண் கை நழுவிப் போய்விட்டது என்று நினைத்தேன். போகிறதுதான் போகிறது, உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று பெட்டி, சென்சார், பாய் சொன்னது, கடைசிப் பாடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"எவ்வளவு நேரமாப் படிக்குது?" என்றாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

"இப்பதாங்க ஆரம்பிச்சுது."

"நீங்க நினைச்சிருந்தா தள்ளிக்கிட்டு வந்திருக்கலாம். அதைத் தொந்தரவு பண்ணாம வெயில்ல நிக்கிறீங்க. எனக்கு இந்த மாதிரி ஆளைத்தாங்க பிடிக்கும்."

அவள் ஜீப்பைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், அப்புறம் தலைவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எங்க ஜீப்பு டீசலை அப்படிக் குடிக்குது. பக்கத்துல நிறுத்தி வச்சா, பார்த்துக் கத்துக்குமா?"

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "கத்துக்கும். ஆனா வயிறு நிறைஞ்சிருந்தா தூக்கம்தான் வரும், படிப்பு ஏறாது."

அவ்வளவுதான். கீழே போன ஒரு லாரியை நிறுத்தி, ஜீப்பில் இருந்த டீசலையெல்லாம் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துக்கொள்ளச் சொன்னாள். லாரிக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போனார். கூடவே பெட்ரோல் கேனையும் கொடுத்துவிட்டாள், பக்கத்தில் இருந்தால் வண்டிக்கு ஆசை காட்டுமாம். ஜீப்பின் முகம் வண்டியைப் பார்க்கிற மாதிரி நான்கு பேரும் தள்ளித் திருப்பி நிறுத்தினோம். அப்புறம் அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, எனக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு. ஆனா வீட்டுக்கு வர முடியாது. அவரு வண்டியும் நம்ம ஜீப்பும் இங்க படிச்சுக்கிட்டு இருக்கு. தாம்பாளத்தை எடுத்துக்கிட்டு எல்லாரும் நடந்து வந்துடுங்க. சத்தம் போடாம வாங்க." என்ன படிப்பு என்பதையும் விவரமாகச் சொன்னாள்.

நான் போனுக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன். பெரிய மனிதர், தோட்டம் துரவு உள்ளவர், என்ன சொல்லப் போகிறாரோ? தயங்கித் தயங்கி அவர் குரல் வந்தது.

"ஏம்மா, நம்ம டிராக்டர் கொஞ்சம் மக்கு. அதையும் சேர்த்துக்குவாங்களான்னு மாப்பிள்ளைகிட்டக் கேட்டுச் சொல்லு."