ஏழுமடைக் கபடிக் குழுவும் ஒரே ஒரு கட்டும்

புத்திசாலிகளுக்கென்று உலகத்தில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. நல்ல மனசுக்காரர்களுக்கென்று ஒரு ஊராவது வேண்டாமா? அதற்காகத்தான் கடவுள் ஏழுமடையை வைத்திருந்தார். அந்த ஊர்க்காரர்களிடம் எந்த வேலையைச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும் செய்வார்கள். "அடுப்புல பால் இருக்கு, பொங்குதான்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனால், பொங்கி முடிகிற வரைக்கும் அசையாமல் நின்று பார்த்துவிட்டு, "ஆமா, பொங்கத்தான் செய்யுது" என்று வந்து சொல்வார்கள். அவர்களை எப்படித் திட்ட முடியும்?

அந்த ஊரில் ஒரு கபடிக் குழு இருந்தது. ஏழு பேர் ஆடுகிற ஆட்டத்துக்கு, ஆண்டவன் புண்ணியத்தில் ஏழு பேர் சரியாக இருந்தார்கள். எட்டாவது ஆள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். குழுவுக்குத் தலைவர் வெயிலுமுத்து. குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான், களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவரும் அவர்தான்.

வருஷா வருஷம் பங்குனி மாசம் சூரன்விளையில் கோப்பைப் போட்டி நடக்கும். பதினாறு ஊர்க் குழுக்கள் வரும். ஏழுமடை பதினோரு வருஷமாக முதல் ஆட்டத்திலேயே தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடும். வீட்டுப் பெண்களும் அதற்குத் தோதாகத்தான் உலை வைப்பார்கள்.

இந்த வருஷம் போட்டிக் கமிட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'ஏழுமடை அணி இந்த முறை ஒரு ஆட்டமாவது ஜெயித்தால்தான் அடுத்த வருஷம் அதன் பேரைச் சேர்த்துக்கொள்வோம். இல்லையென்றால் வேறு ஊருக்கு இடம் கொடுத்துவிடுவோம்' என்று எழுதியிருந்தார்கள்.

வெயிலுமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கோப்பையைக் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆட்டம். கோயிலுக்குப் போய் அதை மட்டும்தான் கேட்டார். இரண்டாவதாக எதையாவது கேட்டால் சாமிக்குக் குழப்பமாகிவிடும் என்று, வீட்டில் மாடு சினையாக இருந்ததைக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டார்.

அவருடைய நம்பிக்கையெல்லாம் கொம்பையா மேல்தான். ஏழுமடையில் எதிர்க்களத்துக்குப் பாடிப் போய், ஆளைத் தொட்டு, உயிரோடு திரும்பி வருகிற ஒரே ஆள் கொம்பையா. மற்ற ஆறு பேரும் போவார்கள். போவதில் அவர்களிடம் ஒரு குறையும் கிடையாது.

பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து விளையாட்டு வாத்தியார் ஒருவரை அழைத்து வந்தார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை சொல்லிக் கொடுத்தார். கடைசியாக, "ஒரு தடவை எதிராளி காலப் பிடிச்சா, விழுந்தாலும் புரண்டாலும் விடக் கூடாது. தெரிஞ்சுதா?" என்று கேட்டார். தெரிஞ்சுது என்று ஏழு பேரும் சொன்னார்கள். வாத்தியார் பன்னிரண்டரை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு பார்த்தால், தவசி என்கிற பையன் கொம்பையாவின் காலைப் பிடித்தபடி தரையில் கிடந்தான்.

"ஏலே, கால விடுலே. சோறு திங்கப் போணும்" என்றான் கொம்பையா.

"வாத்தியாரு விடக் கூடாதுன்னாருல்லா."

"அது ஆட்டத்துலலே."

"ஆட்டத்துலன்னு அவரு சொல்லலையே."

விஷயம் வெயிலுமுத்துவிடம் போனது. அவர் இரண்டு பக்கமும் கேட்டார். "தவசி சொல்லுதது நியாயம். விடக் கூடாதுன்னவரு வந்து விடச் சொன்னா விடலாம். நாளைக்குக் காலைல வருவாரு" என்றார்.

கொம்பையா வேறு வழியில்லாமல் வீட்டுக்கு நடந்தான். தவசியும் கூடவே இழுபட்டுப் போனான். கொம்பையாவின் அம்மா இரண்டு தட்டு எடுத்தாள். ஒரு தட்டைப் பலகைமேலும் இன்னொரு தட்டைத் தரையிலும் வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது வழியில் ஒரு வாய்க்கால். கொம்பையா தாண்டினான். தவசி தாண்டவில்லை.

கொம்பையாவின் கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது.

எலும்புக்குக் கட்டுப் போடுகிற வைத்தியர் வந்து பார்த்தார். தவசியை அவர் அதட்டின பிறகுதான் காலே வெளியே வந்தது. "எலும்புக்கு ஒண்ணும் இல்ல. சுளுக்குதான்" என்று எண்ணெய் தடவி, நாலு முழத் துணியால் சுற்றிக் கட்டினார். "கட்டு பத்து நாள் கால்ல இருக்கணும். கட்டு இருக்குத காலு தரைல படக் கூடாது. பத்தாம் நாள் நானே அவுத்து விடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டி எட்டாம் நாள்.

கொம்பையாவின் காலை உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். அதில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பையனுக்குத் தோள் பிசகியது. தோளைப் பார்த்துக்கொண்டே நடந்த இன்னொருவன் தூணில் மோதி நெற்றி புடைத்தது. அவன் நெற்றியில் பற்றுப் போட மஞ்சளை இடித்தவன், கட்டைவிரலையும் சேர்த்து இடித்துக்கொண்டான். போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது கபடிக் குழுவில் நல்ல கால் இருந்தவனுக்கு நல்ல கை இல்லை.

ஆனாலும் மனசு தளரவில்லை. அன்றைக்கு டீக்கடையில் பத்திரிகை வந்தது. கோப்பை யாருக்கு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். குழுவில் ஒருவரான இருளப்பன் வாசித்தார். அவர் எட்டாம் வகுப்பை நாலு தடவை எழுதியவர். அதனால் மற்றவர்களைவிட நாலு மடங்கு படித்தவர் என்று ஊரில் மரியாதை.

"சூரன்விளைக்கு வாய்ப்பு உண்டு, ஆனா மூணு பேருக்கு முழங்கால் வலின்னு போட்டிருக்கான். நெடுங்கரைல சேர்மக்கனி நல்லாப் பாடிப் போவான், ஆனா பிடிக்க ஆளில்லையாம். காட்டுவிளைக்குப் பழைய வேகம் இல்லையாம்."

"நம்மளப் பத்தி?"

"கடைசி வரி. 'ஏழுமடை அணியும் கலந்துகொள்கிறது.'"

எல்லோரும் யோசித்தார்கள்.

"அண்ணாச்சி, மத்தவங்க எல்லாருக்கும் ஒரு குறை சொல்லிருக்கான். நமக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலை" என்றான் தவசி.

"ஆமால்லா!" என்றார் வெயிலுமுத்து. அன்றைக்கு எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

ஏழாம் நாள் கொம்பையாவுக்கு வீக்கம் வற்றிவிட்டது. வலியும் இல்லை. ஆனால் கட்டு இருந்தது. கட்டு இருக்கிற கால் தரையில் படக் கூடாது. பாடிப் போகிறவன் காலைத் தரையில் வைக்காமல் எப்படிப் போவான்? ஏழு பேரும் களத்தில் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள்.

"அவுத்துருவமா?"

"வைத்தியர் பத்து நாள் இருக்கணும்னாரே. வாக்குக் கொடுத்துட்டு மீறலாமா?"

"அவனத் தூக்கிக்கிட்டே ஆடுவமா?"

"தூக்க நாலு பேரு. மீதி ரெண்டு பேரு. நம்ம பக்கம் யாரு நிப்பா?"

இருளப்பன் கையைத் தூக்கினார். "வைத்தியர் சொன்னத அவர் சொன்னபடியே சொல்லுங்க. ஒரு வார்த்தை குறையப்படாது."

"கட்டு பத்து நாள் கால்ல இருக்கணும்னாரு."

"யாரு கால்ல?"

ஆறு பேரும் கொம்பையாவின் காலைப் பார்த்தார்கள். வேப்பமரத்தில் இருந்த காக்காகூடக் குனிந்து பார்த்தது.

"அதச் சொல்லலை அண்ணாச்சி" என்றான் கொம்பையா மெதுவாக.

அப்போது ஏழு பேர் முகத்திலும் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தால், பெற்ற தாய்மார்கள் திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பார்கள்.

அடுத்து, யார் காலில் கட்டுவது? அதற்குத்தான் சண்டை வந்தது.

"என் கால்ல கட்டுங்க. நான்தான் எப்பவும் முதல்ல அவுட்டாகுத ஆளு" என்றான் தவசி.

"நீ எங்கலே? போன வருஷம் முதல்ல போனது நான்" என்றான் தோள் பிசகினவன்.

"அதுக்கு முந்தின வருஷம் நான் களத்துக்குள்ள வரும்போதே கோட்டை மிதிச்சு அவுட்டு. மறந்துட்டியளா?" என்று இருளப்பன் குரலை உயர்த்தினார்.

விட்டுக்கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் வெயிலுமுத்து தீர்ப்புச் சொன்னார். "முதல்ல என் கால்ல இருக்கட்டும். பெறகு யாரு அவுட்டாகி வெளிய உக்காருதானோ, அவன் கால்ல மாத்திக் கட்டுவோம். சும்மா இருக்குத காலுதானே."

கட்டை அவிழ்த்து அவர் காலில் சுற்றினார்கள். உடனே அவர் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டார்.

"வலிக்கா அண்ணாச்சி?"

"வலி இல்லலே. ஆனா பொறுப்பா இருக்கு."

நொண்டியடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி சந்தனமாரி வாசலில் நின்று பார்த்தாள்.

"காலைல நல்லாத்தான போனிய?"

"இது கொம்பையா காலு."

அவள் காலை வைக்க ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள். கலியாணமாகிப் பதினாலு வருஷம் ஆகிறது.

மறுநாள் சூரன்விளையில் முதல் ஆட்டமே ஏழுமடைக்கும் நெடுங்கரைக்கும். நெடுங்கரைக்காரர்கள் களத்துக்குள் வந்து பார்த்தார்கள். எதிரே ஒருவர் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்கிறார். ஒருவன் நெற்றியில் மஞ்சள். ஒருவன் கட்டைவிரலில் துணி. பாவம், அவர்களுக்கு எங்கே தொடுவது என்றே தெரியவில்லை.

கொம்பையா பாடிப் போனான். ஒரு வாரம் கால் தொங்கலில் நல்லா ஓய்வெடுத்ததாலோ என்னவோ, புயல் மாதிரி போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். பதினோரு வருஷத்தில் ஏழுமடை முன்னால் இருந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு தவசி அவுட்டானான். உடனே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, வெயிலுமுத்துவின் காலிலிருந்து கட்டை அவிழ்த்துத் தவசி காலில் சுற்றினார்கள். தவசி வெளியே உட்கார்ந்து காலை நீட்டி, யாரோ ஒரு பார்வையாளர் மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் ஏழுமடைக்கு ஒரு புள்ளி வந்தது. தவசி உள்ளே வர வேண்டும். மறுபடி விசில், மறுபடி நாலு முழத் துணி, மறுபடி வெயிலுமுத்து கால்.

நடுவருக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், இது கபடியா, சேலைக் கடையா? இனி கட்டை மாத்தக் கூடாது. இருக்குத கால்லயே இருக்கட்டும்!"

"சரிங்கய்யா" என்றார்கள் ஏழு பேரும். சொன்னால் கேட்கிற பிள்ளைகள்.

ஆட்டம் போகப் போக நெடுங்கரையும் ஏறி வந்தது. சேர்மக்கனி வந்த போதெல்லாம் ஒருவனைத் தொட்டுக்கொண்டு போனான். ஒற்றைக் காலில் நிற்கிறவரை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். கொம்பையாவையும் பிடித்துவிட்டார்கள். கடைசி நிமிஷத்தில் இரண்டு பக்கமும் இருபத்து மூணு. ஏழுமடைக் களத்தில் வெயிலுமுத்து ஒருவர்தான் மிச்சம்.

சேர்மக்கனி பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தான். "கபடி கபடி கபடி கபடி..."

வெயிலுமுத்து கண்ணை மூடினார். 'சாமி, ஒரே ஒரு ஆட்டம்' என்றார். பிறகு ஒற்றைக் காலில் நாலு தத்துத் தத்தி, சேர்மக்கனி மேல் தொப்பென்று விழுந்தார். விழுந்த வேகத்தில் அவன் கால் இவர் கையில் அகப்பட்டது. இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தார். கட்டுப் போட்ட கால் மட்டும் ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கி நின்றது.

சேர்மக்கனி பலசாலி. பாட்டை விடாமல், அவரையும் இழுத்துக்கொண்டே கோட்டை நோக்கி நகர்ந்தான். இன்னும் ஒரு அடிதான். மண்ணில் இழுபட்ட வெயிலுமுத்து, தலையைத் திருப்பி வெளியே உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் பார்த்துக் கத்தினார்:

"ஏலே, காலு தரைல படலைல்லா?"

ஆறு பேரும் எழுந்து நின்று ஒரே குரலில் சொன்னார்கள்: "படலை அண்ணாச்சி!"

சேர்மக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. "கபடி கப... கப..." என்று வந்த பாட்டு நடுவில் அறுந்துபோய், கெக்கெக்கே என்று சிரித்துவிட்டான். நடுவர் விசில் அடித்தார். ஏழுமடை இருபத்து நாலு. ஆட்டம் முடிந்தது.

கூட்டம் கை தட்டியது. கமிட்டிக்காரர் அங்கேயே நோட்டைப் பிரித்து, அடுத்த வருஷத்துக்கான பக்கத்தில் 'ஏழுமடை' என்று எழுதினார். வெயிலுமுத்து அதைக் கண்ணால் பார்த்தார். அழுதுவிடுவார் போல இருந்தது.

அப்போதுதான் தவசி குனிந்து பார்த்து, "அண்ணாச்சி!" என்று அலறினான்.

உருண்டு புரண்டதில் கட்டு அவிழ்ந்து வெயிலுமுத்துவின் காலை விட்டே போயிருந்தது. போனது எங்கே என்றால், சேர்மக்கனியின் காலில் நாலு சுற்றுச் சுற்றி இறுகிக் கிடந்தது.

"பத்து நாளுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே" என்றார் இருளப்பன்.

"இருக்குத கால்லயே இருக்கட்டும்னு நடுவரும் சொல்லிட்டாரு" என்றான் கொம்பையா.

வெயிலுமுத்து யோசிக்கவே இல்லை. "பிடிங்கலே. காலு தரைல படப்படாது!"

ஏழு பேரும் சேர்மக்கனியை அலாக்காகத் தூக்கினார்கள்.

"யோவ், விடுங்கய்யா! என் காலு நல்லாத்தான் இருக்கு!"

"எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் இருக்கும் தம்பி" என்றார் வெயிலுமுத்து பரிவாக. "நீ காலை மட்டும் உசத்தி வச்சுக்கோ."

கமிட்டிக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். "எங்கய்யா போறீங்க? மூணு மணிக்கு உங்களுக்கு அடுத்த ஆட்டம்! கோப்பைக்கு வாய்ப்பு இருக்குய்யா!"

"அடிபட்ட பிள்ளைய வச்சுக்கிட்டுக் கோப்பை என்னத்துக்குங்க?" என்றார் வெயிலுமுத்து. "வைத்தியர்ட்ட கொண்டுபோய்ச் சேத்துட்டுத்தான் மறுவேலை."

நெடுங்கரைக்காரர்கள் ஆறு பேரும் ஓடி வந்தார்கள். கட்டைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறிவிட்டது. "ஏலே சேர்மக்கனி, அடிபட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கப்படாதா? நாங்க பாட்டுக்கு உன்னயத் திரும்பத் திரும்ப அனுப்பிட்டோமேல" என்று ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார்கள்.

பதின்மூன்று பேர் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கடைத்தெருவில் எல்லோரும் எழுந்து வழி விட்டார்கள். ஒரு அம்மா ஓடி வந்து அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள். சேர்மக்கனி கொஞ்ச தூரம் வரைக்கும் திமிறினான். பிறகு திட்டினான். பிறகு பேசாமல் வந்தான். பஸ் வந்து நின்று, கண்டக்டர் இறங்கி, "பாத்து ஏத்துங்கய்யா, காலு, காலு!" என்று பதறினபோது, அவன் வெயிலுமுத்துவின் காதருகில் குனிந்து மெதுவாகச் சொன்னான்:

"அண்ணாச்சி... லேசா வலிக்கத்தான் செய்யுது."