கவலை இறைத்த செங்கோடனார்

கிணற்று மேட்டில் இரண்டு எருதுகளைப் பூட்டி, அவை சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து தாமும் இறங்கி, பிறகு அவற்றைப் பின்னோக்கி நடத்தி மேலேற்றி, விடிந்ததிலிருந்து தண்ணீர் இறைப்பதே செங்கோடனாரின் தொழில். கொங்குநாட்டில் இதற்குக் கவலை இறைப்பது என்று பெயர். கிணற்றுக்குள் போய்வரும் இரும்புச் சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட வால் ஒன்று கட்டியிருக்கும். மேலே வந்த தண்ணீர் அந்த வால் வழியாகத்தான் வாய்க்காலில் கொட்டும். ஒவ்வொரு சால் கொட்டும்போதும் செங்கோடனார் "சிவனே" என்பார். முதல் முப்பது சால் அவருடைய பயிருக்கு இல்லை. தோட்டத்து மூலையில் ஈசனுக்கென்று வளர்த்த செவ்வரளிக்கு. அந்தப் பூவைப் பறித்துக் கொன்றையூர்க் கோயிலில் கொடுத்துவிட்டு வந்த பிறகே கஞ்சியில் கை வைப்பார்.

அவர் பிறந்ததே தோட்டத்துச் சாளைக் குடிசையில். பிள்ளைப் பருவம் முழுவதும் எருதுகளின் பின்னால் நடந்து கழிந்தது. எழுத்துத் தெரியாது, பதிகம் பாடத் தெரியாது. தகப்பனார் விட்டுப்போன மூன்று ஏக்கரில் மனைவி பாவாயி அம்மையாரோடு பாடுபட்டு மூன்று பெண்களை வளர்த்தார். நடுப்பெண்ணை அம்மை நோய் கொண்டுபோனபோது, தீட்டுக் கழியும்வரை பூவைப் பறிக்காமல் செடிக்குத் தண்ணீர் மட்டும் இறைத்தார். அழுதுகொண்டேதான் இறைத்தார். ஆனால் முப்பது சாலில் ஒன்றுகூடக் குறையவில்லை.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் கோயில் மணியக்காரர் அர்த்தநாரி வாசலில் நிறுத்தினார். அந்த ஆண்டு அவர் தம் தோட்டத்தில் புதிதாக ஆயில் எஞ்சின் வைத்திருந்தார். ஊரில் முதல் எஞ்சின் அதுதான். அது வந்த நாள் முதல் அவருடைய கழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டது. பங்குனித் திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்று, பூக்கூடையோடு வந்த செங்கோடனாரை ஊரார் முன்னிலையில் கைநீட்டி மறித்தார்.

"செங்கோடா, உன்ற பூ இனி இங்க வேண்டாம். செத்த மாட்டுத் தோல்ல வர்ற தண்ணியில வளந்த பூவையா சாமி தலையில வெக்கறது? என்ற தோட்டத்துப் பூ எஞ்சின் தண்ணியில வளர்றது. சுத்தமானது."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்த எஞ்சினைச் சுழற்றும் பட்டை எதனால் ஆனது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதுவும் தோல்தான் ஐயா! எந்த மாட்டின் தோலோ! செங்கோடனாரின் சாலில் இருந்ததோ, அவரோடு பன்னிரண்டு ஆண்டு உழைத்து மூப்பில் இறந்த மயிலைக் காளையின் தோல். செத்த பிறகும் அது ஈசனுக்குத் தண்ணீர் சுமக்கிறது என்று அவர் மகிழ்ந்திருந்தார். அந்த மகிழ்ச்சியின் மேல்தான் மணியக்காரர் துப்பினார். செங்கோடனார் தலை குனிந்து நின்றார். அவருக்குப் பேச்சு எழவில்லை.

பேசியவர் உடன் வந்திருந்த பாவாயி அம்மையார். "ஏனுங்க, சாமி இடுப்புல கட்டியிருக்கறது பட்டுங்களா? புலித்தோலுங்க. மேல போத்தியிருக்கறது ஆனைத்தோலுங்க. அதையும் வெளிய நிறுத்திருவீங்களா?"

மணியக்காரர், "பொம்பளைக்கு இத்தன வாயா? ரண்டு பேரும் இனிக் கோயில் வாசல் மிதிக்கப்படாது" என்று கத்தி அனுப்பிவிட்டார்.

செங்கோடனாருக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நமக்கு வருகிறது, அவருக்கு வரவில்லை. குற்றம் தம்முடையதே என்று எண்ணிவிட்டார் அந்த வெள்ளை மனத்தவர். வீட்டுக்கு வந்ததும் தோல்வாலை அவிழ்த்து வைத்தார். கிணற்றுப் படியில் இறங்கி, பித்தளைக் குடத்தில் மொண்டு, தோளில் சுமந்து அரளிக்கு ஊற்றினார். எழுபது படி. ஏறுவதும் இறங்குவதுமாகப் பகல் முழுவதும் போயிற்று. பயிருக்குத் தண்ணீர் பாயாமல் கம்பு கருகியது. பெண்கள் இருவரும் கீரையை வேகவைத்துத் தின்றார்கள். ஏழாம் நாள், குடத்து நீரில் பூத்த பூவோடு போய்க் கோயில் தெருமுனையில் நின்று மணியக்காரருக்குச் சேதி சொல்லி அனுப்பினார்.

"வேரு குடிச்சது தோல் தண்ணிதானே? செடியப் புடுங்கிப் போட்டுட்டுப் புதுசா வெக்கச் சொல்லு" என்று பதில் வந்தது.

இருபது ஆண்டு வளர்த்த செடி! சொன்னவர் ஒரு நாளாவது ஒரு செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியிருப்பாரா? செங்கோடனார் கூடையோடு திரும்பினார். ஈசன் தம்மை வேண்டாம் என்றுவிட்டானோ என்ற ஒரே பயம்தான் அவரை அரித்தது. ஆயினும் செடியைப் பிடுங்கக் கை வரவில்லை. மறுநாளும் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினார்.

அன்றுதான் பங்குனி உத்திரம். காலையில் சுவாமி புறப்பாடு. நாகஸ்வரம் எழுந்தது, மணி ஒலித்தது. மேளக்காரர் மாரப்பன் தவிலில் கை வைத்தார். சத்தம் இல்லை. மீண்டும் அடித்தார். துணியைத் தட்டினாற்போல் இருந்தது. வாரை இழுத்துக் கட்டினார். வைக்கோல் தீயில் காய்ச்சிப் பார்த்தார். முரசை அடித்தார்கள், உடுக்கையை ஆட்டினார்கள். தோல் கட்டிய ஒன்றும் வாய் திறக்கவில்லை. மேளம் முழங்காமல் சுவாமி எப்படி எழுந்தருளுவார்? கூட்டம் திகைத்து நின்றது.

கருவறையிலிருந்து வெளியே வந்த குருக்கள் மெதுவாகச் சொன்னார்: "அர்த்தநாரி, தோல் ஆகாதுன்னு நாமதான் சொன்னோம். சுவாமி அதைக் கேட்டுண்டார்."

மணியக்காரர் முன்னே போக, ஊரே செங்கோடனாரின் தோட்டத்துக்கு ஓடியது. அவர் தோளில் குடத்தோடு படியேறி வந்துகொண்டிருந்தார். தோள் புண்ணாகி இருந்தது.

"தோல்வாலக் கட்டு செங்கோடா. ஒரு சால் இறைச்சுக் காட்டு" என்றார் மணியக்காரர். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

செங்கோடனார் வாலைக் கட்டி எருதுகளைப் பூட்டினார். சால் மேலே வந்தது. "சிவனே" என்றார். தோல்வால் வழியே தண்ணீர் வாய்க்காலில் விழுந்த அந்தக் கணத்தில், யார் கையும் படாமல், கோயிலில் முரசும் தவிலும் அதிர முழங்கின. தோட்டத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. செங்கோடனார் வடத்தைப் பிடித்தபடி விம்மி அழுதார். "என்ற சாமி என்னைய வேண்டாமுன்னு சொல்லுலீங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மேளம் ஓயாமல் முழங்க, ஊரார் கணவன் மனைவி இருவரையும் கோயிலுக்கு அழைத்து வந்தார்கள். செங்கோடனாரின் கையால் பூ வாங்கிச் சாத்தினார் குருக்கள். ஈசன் திருவடியில் வைத்த பரிவட்டத்தை எடுத்து மணியக்காரரிடம் கொடுத்து, செங்கோடனாரின் தலையில் கட்டச் சொன்னார். செங்கோடனார் இரண்டடி பின்வாங்கினார்.

"எனக்கு வேண்டாமுங்க. அன்னைக்கு எனக்கு வாயே எழுலீங்க. சாமிக்காகக் கேட்டது இவதானுங்க. இவளுக்குக் கட்டுங்க."

"பொம்பளைக்குப் பரிவட்டமா? அப்பிடி வழக்கமே இல்லையே" என்று இழுத்தார் மணியக்காரர்.

மேளம் நின்றது.

மாரப்பன் மறுபடி ஊமையான தவிலைத் தட்டிப் பார்த்துவிட்டு மணியக்காரரை முறைத்தார். ஊரே முறைத்தது. வழக்கம் பேசிய அந்த மனிதர், பட்டுத் துணியைப் பிரித்து, வெயிலில் கறுத்து எண்ணெய் காணாத பாவாயி அம்மையாரின் தலையில் தம் கையாலேயே கட்டினார். கட்டி முடித்ததும் மேளம் மீண்டும் முழங்கியது; அதன் பிறகுதான் சுவாமி புறப்பட்டார். தோலில் வந்த நீரைக் கங்கையாக ஏற்றவன் உகந்த செங்கோடனாரையும், அவனுக்காக வாய் திறந்த பாவாயி அம்மையாரையும் தலைமேல் கைகுவித்து வணங்குவோம்.