இசக்கி ஒட்டிய பானை

கல்லூரிப் பயிற்சிக்காக அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கு வந்த இசக்கிக்குக் கிடைத்தது ஒரு கூடை பானை ஓடுகள். ஊருக்கு வெளியே பரம்பு மேட்டில் தோண்டி எடுத்தவை. எல்லாம் ஒரே பானையின் துண்டுகள். காப்பாட்சியர் ஹெப்சிபா மிஸ் அவற்றை ஒட்டச் சொன்னார். பசையையும் அவரே கலக்கிக் கொடுத்தார்.

"மிஸ், இது பசை கழுவுற மருந்து பட்டாலே கரைஞ்சிருமே. கடையில நல்ல பசை இருக்கு. ஒட்டுனா ஜென்மத்துக்கும் பிரியாது."

"இதுலயே ஒட்டு," என்றார் மிஸ். ஏன் என்று சொல்லவில்லை.

அம்மாவுக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. "ஏட்டி, உடைஞ்ச பானையை ஒட்டவா உன்னைக் காலேஜுக்கு அனுப்புனேன்?" என்று தினமும் ஒரே பாட்டு.

ஆனால் அதைப் போல ஒரு கோடை இசக்கிக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. துண்டுகள் அசையக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்தது, ஒட்டியதை மணல் தட்டில் நிறுத்திக் காயவைத்தது, சாயங்காலம் மிஸ் வாங்கித் தந்த சுக்குக் காபி எல்லாம் வேலைக்குப் போன ஊரிலும் அவளை விடவில்லை. கழுத்துக்குக் கீழே தோளில் ஒரு ஓட்டை மட்டும் மிச்சமிருக்க, பானை எழுந்து நின்ற அன்று அவள் அழுதேவிட்டாள்.

பல வருடம் கழித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பானையைப் பார்த்து அம்மா ஒரு தடவையாவது 'பரவாயில்லையே' என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் வந்தாள்.

கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. உள்ளறை மேசையில் பானை மறுபடியும் துண்டு துண்டாகக் கிடந்தது.

"இதைக் காட்டவா இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்தே?" என்றாள் அம்மா.

இசக்கி மேசைக்கு அந்தப்பக்கம் நின்ற மிஸ்ஸிடம் திரும்பினாள். "நான் ஒட்டுனதை எதுக்கு மிஸ் பிரிச்சீங்க?"

மிஸ் ஒரு துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அது அவள் பார்த்திராத துண்டு.

"பரம்புல கிணறு வெட்டும்போது கிடைச்சுது. உன் பானையோட தோள்தான். ஓட்டையில வச்சுப் பார்த்தோம். சுத்தி ஒட்டின துண்டுங்க வழி விடலை, உள்ள போகலை. எல்லாத்தையும் பிரிச்சாத்தான் இதுக்கு இடம்."

"அப்ப நான் சரியா ஒட்டலையா மிஸ்?"

மிஸ் அம்மா பக்கம் திரும்பினார். பழைய துண்டு ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"உங்க மக வேலையைப் பாருங்கம்மா. இவ்வளவு வருஷம் அசையாம நின்னுச்சு. மருந்து தடவிப் பிரிக்கும்போது ஒரு விளிம்புகூட மூளியாகலை."