ஒரே வீட்டில் இரண்டு ஒன்பது

திண்டுக்கல் நூல் வியாபாரி அருணகிரிக்கு ஒன்பதின் மேல் இருந்த பித்து ஊரறிந்தது. 5103 என்ற எண் கிடைக்கும்வரை காத்திருந்துதான் ஸ்கூட்டர் வாங்கினார். மகன் மெய்யழகனின் கல்யாணத்தை இருபத்தேழாம் தேதியைத் தவிர வேறு நாளில் வைக்க அவர் சம்மதிக்கவே இல்லை. அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை மெய்யழகன். இவர்கள் நடுவே மருமகளாக வந்தவள், கணக்கில் முதுகலை முடித்த மங்கையர்க்கரசி. இவர்கள் கூத்தைப் பார்த்தால் அரசிக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டாள்.

வீட்டுக்கு ஒரே நெட் இணைப்பு, அதுவும் வயர் வழியாகத்தான்; வைஃபை கிடையாது. கீழே மாமனாரின் கம்ப்யூட்டர், மாடியில் மெய்யழகனுடையது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டிலும் நெட் விட்டுவிட்டு அறுந்துபோகும்.

"நீதான்டா மொத்தத்தையும் உறிஞ்சுற" என்பார் அப்பா.

"நீங்க ஆன்லைன் நூல் ஏலத்துல உட்கார்ந்தாலே இப்படித்தான்ப்பா" என்பான் மகன்.

நெட்காரர் வந்து பார்க்கும்போது ஏதாவது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கண்ணுக்குக் குறையே தெரியாது.

வியாழக்கிழமை காலை மாமனாருக்கு ஆன்லைனில் நூல் ஏலம். அதே நேரத்தில் அரசிக்குக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். கேமரா மாடிக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் உண்டு. செல்போனுக்கோ அந்த வீட்டில் சிக்னல் நிற்காது. இத்தனை நாள் காத்திருந்த வேலை பாதிப் பேச்சில் அறுந்துபோகுமோ என்று அவள் பயந்தாள்.

முந்தின நாள் அவளே உட்கார்ந்து இரண்டையும் ஆராய்ந்தாள். வீட்டு நெட்டில் சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவிலக்கம்போல ஒரு முகவரி உண்டு. அதன் கடைசி எண் ஒன்றுக்கொன்று வேறுபடவேண்டும். விட்டால் ரவுட்டரே ஆளுக்கொரு எண்ணைக் கொடுத்துவிடும். ஆனால் அப்பாவும் மகனும், ஒருவருக்கொருவர் சொல்லாமல், ராசி பார்த்துத் தங்கள் கையாலேயே 9 என்று போட்டு வைத்திருந்தார்கள்! ஒரே இலக்கத்தில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர்தான் என்ன செய்வார்?

"யாராவது ஒருத்தர் மாத்தணும் மாமா."

"ஒன்பதை விட்டுட்டு நான் ஏலத்துல உட்கார மாட்டேம்மா."

"நானும் விடமாட்டேன். உன் இன்டர்வியூவே ஒன்பதுலதான் நடக்கணும்" என்றான் கணவன்.

அரசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி. மாமாவோட ஒன்பதும் போகாது, உங்க ஒன்பதும் போகாது. இது என் வாக்கு."

ஒன்று முதல் 254 வரை, வேறு எதற்கும் கொடுக்காத எந்த எண்ணையும் அங்கே வைக்கலாம். அவள் மாடிக்குப் போய் ஒரே ஒரு மாற்றம்தான் செய்தாள். கணவன் எட்டிப் பார்த்தான். வாயடைத்துப்போய் இறங்கி வந்தான். மறுநாள் கீழே ஏலமும் மேலே நேர்காணலும் ஒரு தடங்கலுமின்றி நடந்தன.

கணக்குப் புலிகளே, இப்போது உங்கள் முறை. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. இருவருக்கும் ஒன்பது போகவும் கூடாது. அரசி வைத்த எண் எது? கணவன் ஏன் வாயடைத்துப்போனான்?

விடை: 27. இரண்டும் ஏழும் ஒன்பது. கீழே மாமனாரின் 9 அப்படியே இருக்கிறது; 5103-ஐக் கூட்டிப் பார்த்து வண்டி வாங்கும் வீட்டில் 27-ம் ஒன்பதுதான் என்பதை யார் மறுப்பார்? மெய்யழகனுக்கோ அது கல்யாணத் தேதி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் அவன் சாப்பிட முடியுமா? அரசிக்கு வேலை கிடைத்தது. "எல்லாம் ஒன்பதோட ராசிதானே?" என்று கடைத்தெருவில் கேட்டவர்களிடம் அருணகிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ராசியாவது ஒண்ணாவது! என் மருமக மூளைய்யா அது."