மவுஸ் தொட்ட வரி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கேட்டவுடனே எடுத்துக் கொடுத்துவிட முடியாது. சவரிமுத்துவுக்கே நாலு நாள் கழித்துத்தான் கிடைத்தது. கொஞ்சம் பொறுங்கள்.

சவரிமுத்து இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் நின்று நின்றே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. டாக்டர் சீட்டைக் காட்டிக் கெஞ்சியதில், பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். வேலை சின்னதுதான். டிப்போவிலிருந்து மெயிலில் வரும் வண்டி விவரத்தை எடுத்து, பக்கத்தில் திறந்திருக்கும் கறுப்பு ஜன்னலில், எடிட்டர் என்ற எழுத்துப் பெட்டிக்குள் போட வேண்டும். சேமித்தால் கீழே பெரிய பலகையில் எழுத்து ஓடும்.

முதல் வாரமே போன் வந்துவிட்டது.

"ஏங்க, ரெண்டே முக்காலுக்கு 'முட்டிவலித் தைலம் வாங்கிட்டு வரவும்'னு ஒரு வண்டி போட்டிருக்கீங்களே, அது செம்பட்டி வழியா, நத்தம் வழியா?"

அது அவர் மனைவி மெயிலில் அனுப்பியிருந்த செய்தி. போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு, ஒரு பாட்டியின் குரல்: "தம்பி, அந்தத் தைல வண்டியில பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதுதானே?"

இதற்குச் சிரித்துவிடாதீர்கள். நான் சொன்ன சிரிப்பு இது இல்லை.

கிளை மேலாளர் சிரிக்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து பக்கத்துல நிப்பேன். ஒரு வரி தப்பா விழுந்தாலும், திங்கக்கிழமை பையை மாட்டிக்கிட்டு வண்டியில ஏறிருங்க" என்றார்.

மாடியில் கம்ப்யூட்டர் சங்கதி எதுவானாலும் ஹசீனாவிடம்தான் போய் நிற்கும். வயது இருபத்தாறு. சவரிமுத்து டிக்கெட் கிழிக்க ஆரம்பித்த வருஷம் பிறந்தவள். அவளைக் கேலியாக 'குருவம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். இந்த ஒரு வாரத்தில் கேலி தேய்ந்து பேர் மட்டும் மிஞ்சியிருந்தது.

"குருவம்மா, நான் எடுக்கிறது ஒண்ணு. அங்க விழுறது ஒண்ணு. நடுவுல யாரு மாத்துறா?"

"எப்படி எடுக்கிறீங்க?"

"நீங்க காட்டின மாதிரிதான். வரி மேல மவுஸை இழுக்கிறேன், நீலமாகுது. கறுப்பு ஜன்னலுக்கு வந்து மவுஸோட நடு உருளையை அமுக்குறேன்."

"சரியாத்தான் செய்யறீங்க. எடிட்டர் ஓடுறது சென்னையில இருக்கிற சர்வர்ல. அதுக்கு உங்க மவுஸையே தெரியாது. நீங்க இழுத்து நீலமாக்கினதை இந்தக் கம்ப்யூட்டர் வெச்சிருக்கும். உருளையை அமுக்கினா ஜன்னல் வழியா உள்ள தள்ளும்."

"அப்ப நடுவுல யாரோ மாத்துறாங்க."

ஹசீனா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். "மாத்துறாங்கண்ணே. கண் வெச்சுப் பிடிங்க. பிடிக்கிற வரைக்கும் எதையும் சேமிக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க."

செவ்வாய்க்கிழமை காவல் தொடங்கியது. வரியை எடுப்பார். எடுத்தது சரிதானா என்று மெயிலை மேலிருந்து கீழ்வரை படிப்பார். டிரிப் ஷீட்டைப் பெருவிரல் ஓட்டிப் படித்த பழக்கம். இப்போது பெருவிரலுக்குப் பதில் மவுஸ். நீலம் கூடவே வந்தால் வரி தப்பாது பாருங்கள். அப்புறம் கறுப்பு ஜன்னலுக்கு வந்து அமுக்குவார். வேறெதுவோ விழும்.

புதன்கிழமை இரண்டு தடவை சரிபார்த்தார். தப்பு இன்னும் கூடியது. வியாழக்கிழமை மூன்று தடவை. கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. அவசரத்தில், சரிபார்க்காமல் போட்ட ஒரே ஒரு வண்டி மட்டும் ஒழுங்காக விழுந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "முடியல குருவம்மா. வண்டியிலயே ஏறிக்கிறேன். முட்டி போனாப் போகுது."

"யார் மேல சந்தேகம்னு சொல்லுங்க, எழுதறேன்."

"மதிய ஷிப்டு பெருமாள்சாமி. மூஞ்சியே சரியில்லை."

மெயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜன்னல் திறந்து தட்டினாள். "அப்புறம்?"

"டீ கொண்டுவர்ற ராவுத்தர். சென்னையில சர்வர் பாக்கிறவங்க. அப்புறம்... கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீங்க."

அதையும் தட்டினாள். கீழே இன்னும் ஏதோ தட்டிவிட்டு எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். "இப்ப நத்தம் வண்டியை எடுங்க."

இழுத்தார். நீலமானது. "எடுத்தாச்சு. மாதா மேல சத்தியமா எடுத்தாச்சு."

"போடறதுக்கு முன்னாடி, பட்டியலை ஒரு தடவை சரிபாருங்க. பேர் விட்டுப்போயிருக்கப் போகுது."

சவரிமுத்து சத்தமாகப் படித்தார். மவுஸும் வரி வரியாகக் கூடவே வந்தது. "பெருமாள்சாமி. ராவுத்தர். சென்னை சர்வர்காரங்க. குருவம்மா. சவரிமுத்து..." நிமிர்ந்தார். "என் பேரு எதுக்கு? நக்கலா?"

"ரூம்ல இருந்தவங்க எல்லார் பேரும் வேணுமில்ல. சரி, வண்டியைப் போடுங்க."

பெருமூச்சு விட்டபடி கறுப்பு ஜன்னலுக்கு வந்து உருளையை அமுக்கினார்.

நத்தம் வண்டி விழ வேண்டிய இடத்தில், சவரிமுத்து என்று விழுந்தது.

ஹசீனாவைப் பார்த்தார். அவள் கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. பட்டியலைப் பார்த்தார். அங்கே அவர் பேர் மேல் மட்டும் நீலம் நின்றுகொண்டிருந்தது. கடைசியாக, மவுஸ் மேல் கிடந்த தன் கையைப் பார்த்தார். பிறகு, சூடுபட்டவர் போல மெல்ல அதைத் தூக்கினார்.

"குருவம்மா, நான் படிக்கத்தானே செஞ்சேன்?"

"ஆமாண்ணே. கடைசியா நீலமாக்கிப் படிச்சதைத்தான் கொண்டுவந்து போட்டிருக்கீங்க."