மூன்று தெருவும் ஒரு வெள்ளாவியும்

ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் தொப்பை நிறைவாகவும் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில், ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்தில் பவளத்துறை என்று ஒரு பட்டணம் இருந்தது. மணிமுடிராயன் என்ற ராஜா அதை ஆண்டுவந்தான். ஆண்டான் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் சாப்பிட்டான், மதியம் சாப்பிட்டான், நடுவில் கிடைத்த நேரத்தில் ஆண்டான்.

அந்தப் பட்டணத்தில் மூன்று தெருக்கள். சிவன் கோயில் தெருவில் நெல் வியாபாரிகள். பெருமாள் கோயில் தெருவில் வடக்கேயிருந்து வந்து குடியேறிய தெலுங்கு நெசவாளிகள். சோனகர் தெருவில் கப்பலோட்டிகள். அவர்களுடைய பாட்டன்மார் அரபுக் கரையிலிருந்து வந்து, இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, இந்த ஊர் மீன்குழம்புக்கு அடிமையாகி, திரும்பிப் போகிற எண்ணத்தையே விட்டவர்கள்.

மூன்று தெருவும் ஒற்றுமையாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? ஊர் என்றால் அப்படியா இருக்கும்? சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரா என்று முதல் இரண்டு தெருவும் சண்டை போடும். சோனகர் தெரு அதை நின்று வேடிக்கை பார்க்கும். பிறகு வீட்டுக்குப் போய், பிறை தெரிந்ததா தெரியவில்லையா என்று தங்களுக்குள் சண்டை போடும். ராஜசபையில் முதல் தாம்பூலம் யாருக்கு என்பதில் மட்டும் மூன்று தெருவும் ஒன்றாகச் சேர்ந்து சண்டை போடும்.

சண்டையெல்லாம் போட்டுவிட்டு, அழுக்குத் துணியை மூட்டை கட்டி எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் அனுப்புவார்கள். ஆற்றங்கரையில் இருந்த அங்காயியிடம்.

அங்காயி துணி வெளுப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவளுக்கு இருந்தவை மூன்று கழுதைகள், ஒரு துவைக்கிற கல், ஒரு பெரிய வெள்ளாவிப் பானை. மூன்று தெருத் துணியையும் உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி, அந்தப் பானைமேல் ஒன்றாக அடுக்கி, ஆவியில் வேக வைப்பாள். எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் சின்னதாகக் குறி வைத்திருப்பாள். இந்த வீட்டுக்கு மூன்று புள்ளி, அந்த வீட்டுக்கு ஒரு கோடு, இன்னொரு வீட்டுக்குக் கோடும் புள்ளியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெளுத்து வைத்த துணி வீடு போய்ச் சேருவதற்கு முன்னால், வேறு யாருக்காவது கல்யாணம், காரியம் என்று வந்தால், அங்காயி ஒருவர் துணியை இன்னொருவருக்கு ஒரு நாள் இரவல் கொடுப்பாள். பட்டணத்தில் அப்படி உடுத்தாத ஆளே கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும், இந்தக் காரியத்தைச் செய்வது தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அங்காயியும் வாயைத் திறக்கமாட்டாள். அவள் பிழைப்பு அப்படி.

இப்படி நல்லபடியாக அடித்துக்கொண்டு வாழ்ந்த ஊருக்கு, எங்கிருந்தோ விமலேசப் பண்டிதர் என்று ஒருவர் வந்தார்.

"ராஜாவே, உமது பட்டணத்தில் யார் எவர் என்றே தெரியவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி உடுத்துகிறார்கள், ஒரே மாதிரி பேசுகிறார்கள். கலந்துபோன ஊர் கெட்டுப்போன ஊர். ஒவ்வொரு தெருவும் தன் சுத்தத்தைக் காப்பாற்ற வேண்டாமா?" என்றார்.

ராஜாவுக்கு அதுவரை அப்படி ஒரு கவலை இருந்ததில்லை. யாராவது நீட்டி முழக்கிப் பேசினால் அவனுக்கு உடனே கவலை வந்துவிடும். உத்தரவு போட்டான். வருகிற பௌர்ணமியன்று காலையில் ஊர் முழுக்க அரண்மனை மைதானத்துக்கு வர வேண்டும். அவரவர் தெருத் துணிதான் அவரவர் உடம்பில் இருக்க வேண்டும். அங்காயி ஓரத்தைப் புரட்டிக் குறியைக் காட்டுவாள். அடுத்த தெருத் துணி அகப்பட்டால் உடுத்தியவனுக்கு ஐம்பது சாட்டையடி, பிறகு ஊரைவிட்டு வெளியேற்றம். ஒரு துணி மாறியிருந்தாலும் அங்காயியின் பானையை உடைத்து அவளையும் ஆற்றுக்கு அப்பால் விரட்டிவிட வேண்டும்.

குறிகளையெல்லாம் பண்டிதர் அவளிடமே கேட்டு ஓலையில் எழுதிக்கொண்டார். அவள் பொய் சொன்னால் அகப்பட வேண்டும் அல்லவா?

அங்காயி போய்த் தன் பானையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். அந்த ஆற்றங்கரையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. ஆனாலும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு ஒருநாள் எல்லோரும் சொந்தத் துணியை உடுத்தினால் தீர்ந்தது. அதைக்கூடவா செய்யமாட்டார்கள்?

கேளுங்கள், என்ன நடந்தது என்று.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் சிவன் கோயில் தெருப் பெரியதனக்காரர் ஐயாறப்பப் பிள்ளை வந்தார்.

"அங்காயி, நாளைக்கு ராஜா பார்க்கிறாரு. என் வேட்டிய ஊரே பாத்தாச்சு. புதுசாத் தெரியிற மாதிரி நல்லதா ஒண்ணு எடு."

"ஐயா, நாளைக்குச் சோதனையாமே."

"சோதனையெல்லாம் அடுத்த தெருக்காரனுக்குத்தான், நீ எடு."

அவள் அவருடைய வேட்டியையே எடுத்து நீட்டினாள். பிள்ளை நகரவில்லை. கொடுக்காவிட்டால் இனிமேல் தன் தெருத் துணி ஒன்றும் அவள் பானைக்கு வராது என்றார். கப்பலில் வந்த மெல்லிய மல்லுத்துணி வேட்டி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அது சோனகர் தெரு உதுமான் மரைக்காயருடையது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் பெருமாள் கோயில் தெரு நரசப்பச் செட்டியார் வந்தார். ஊருக்கெல்லாம் நெய்து கொடுத்தவர், தனக்கென்று ஒரு நல்ல வேட்டி வைத்துக்கொள்ளாதவர்.

"தாயே, பச்சைக் கரை போட்டது ஒண்ணு பாத்தேனே, அதைக் குடு."

"செட்டியாரே, நாளைக்குச் சோதனை."

"சோதனையெல்லாம் அடுத்த தெருக்காரனுக்குத்தான்."

பச்சைக் கரை ஐயாறப்பப் பிள்ளையுடையது. அதுவும் போயிற்று.

சாயங்காலம் உதுமான் மரைக்காயரே வந்தார்.

"ஆத்தா, என்னைய இன்னும் கடலுக்கு அந்தாண்ட இருந்து வந்தவன்னே பேசுறானுவ. அசல் இந்த ஊரான் கணக்கா நிக்கணும் நாளைக்கு. உள்ளூர்த் தறியில நெய்ஞ்ச வேட்டியா ஒண்ணு குடு."

"மரைக்காயரே, சோதனை."

"அது அடுத்த தெருக்காரனுக்குத்தான்."

அவருக்குச் செட்டியார் வீட்டு மாப்பிள்ளையின் வேட்டி போயிற்று. இருட்டுவதற்குள் மூன்று தெருவிலிருந்தும் இன்னும் பல பேர் இப்படியே வந்து வாங்கிப் போனார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அரண்மனையின் உடைக்காரன் மூச்சிரைக்க வந்தான். ராஜாவின் திருவிழாப் பட்டு இடுப்பைச் சுற்றி வரவில்லையாம், அரை முழம் குறைகிறதாம். ஊரிலேயே அகலமான துணி வேண்டுமாம். அங்காயியிடம் அகலமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: சோனகர் தெருக் கல்யாணங்களில் நடுவில் பெரிய தட்டை வைத்து, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதற்கு விரிக்கிற சிவப்பு விரிப்பு. அதற்குப் பெருமாள் கோயில் தெருச் சரிகையைக் கரையாக வைத்து, சிவன் கோயில் தெருத் தையற்காரனைக் கொண்டு தைத்துக்கொள்ளலாம் என்று உடைக்காரனே யோசனை சொன்னான்.

"சோதனை இருக்குதேப்பா," என்றாள் அங்காயி.

"அது குடிஜனங்களுக்கு. ராஜாவோட இடுப்பை யாரு சோதிக்கப் போறா?"

மறுநாள் காலையில் மைதானம் நிரம்பி வழிந்தது. மூன்று தெருப் பெரியவர்களும் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். ராஜா சிங்காசனத்தில் தகதகவென்று உட்கார்ந்திருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் பழைய நெய்க்கறை ஒன்று தெரியும். யாரும் கிட்டப் போகவில்லை.

ஐயாறப்பப் பிள்ளை தற்செயலாகச் செட்டியாரின் இடுப்பைப் பார்த்தார். அது தன்னுடைய பச்சைக் கரை வேட்டி. கத்துவதற்கு வாயைத் திறந்தார். தன் இடுப்பு ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டார். செட்டியார் மரைக்காயரின் இடுப்பைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மரைக்காயர் பிள்ளையின் இடுப்பைப் பார்த்தார். அவர் வாயையே திறக்கவில்லை. கப்பலோட்டி அல்லவா, புயல் வருவது முன்னாலேயே தெரிந்துவிடும்.

பண்டிதர் ஓலையைப் பிரித்தார். அங்காயி நடுவில் வந்து நின்றாள். நிஜத்தைச் சொன்னால் ஊரே சாட்டையடி படும். பொய் சொன்னால் ஓலை காட்டிக் கொடுக்கும். எப்படியானாலும் அவள் பானை உடையும். அழுகையை அடக்கிக்கொண்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"முதலில் யார்? முதல் மரியாதை எந்தத் தெருவுக்கு?" என்றார் பண்டிதர்.

இந்தக் கேள்விக்கு மூன்று மண்டையாவது உடைவதுதான் ஊர் வழக்கம். அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா?

"செட்டியாரே பெரியவரு. அவருக்குத்தான் முதல் மரியாதை," என்றார் பிள்ளை.

"சேச்சே, மரைக்காயர் இருக்கிறப்ப நானா? தப்பு," என்றார் செட்டியார்.

"பிள்ளைவாள் பரம்பரைக்கு முன்னாடி நான் எம்மாத்திரம்," என்றார் மரைக்காயர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளினார்கள். நாற்பது வருஷத்தில் அந்த ஊரில் இவ்வளவு பணிவை யாரும் பார்த்ததில்லை. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், நம்ம ஊரு திருந்திடுச்சு என்று.

"அப்படியென்றால் ராஜாவிடமிருந்தே ஆரம்பிக்கலாமே," என்றார் பண்டிதர்.

ராஜா இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "பண்டிதரே, வழிகாட்ட வேண்டியவர் நீர்தானே," என்றான், குரல் கீச்சென்று வந்தது.

பண்டிதருக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. மேல்வேட்டியை உருவினார், அங்காயியிடம் நீட்டினார். "பார், நன்றாகப் பார். எந்தத் தெருவின் தீட்டும் இதில் கிடையாது."

அங்காயி வாங்கி ஓரத்தைப் புரட்டினாள். நாலு ஓரத்தையும் புரட்டினாள். குறி இல்லை. பிறகு அந்தத் துணியைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை நின்றுபோயிற்று.

"மகாராசா, பண்டிதர் சொன்னது சத்தியம். இதில யாரு குறியும் இல்ல. இது என் பானைக்கு வந்ததே இல்ல. வேற எந்த ஊருப் பானைக்கும் போனதில்ல. ஒரு பன்னெண்டு வருசமா ஆத்துத் தண்ணியக்கூட இது பாக்கல."

"பதினான்கு," என்று திருத்தினார் பண்டிதர், பெருமையாக. "பிறர் துணியோடு ஒரு கல்லில் அடிபட என் துணி சம்மதிக்காது."

அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று திரும்பியது. முன்வரிசை பின்வரிசையாயிற்று. பண்டிதர் வந்த நாள் முதல் சபையில் சன்னலோர இடத்துக்கு ஏன் அடிதடி என்பது ராஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

அங்காயி துணியைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னாள்: "மகாராசா, உங்க பட்டணத்தில கலப்பில்லாத துணி இது ஒண்ணுதான். எல்லாரும் இப்படித்தான் இருக்கணும்னா சொல்லுங்க. என் பானைய நானே உடைச்சிட்டு ஆத்தைத் தாண்டிப் போயிடறேன். வேணாம்னா, என்னை என் வேலையப் பாக்க விடுங்க. எல்லா அழுக்கையும் ஒண்ணாப் போட்டாத்தான் எனக்கு வெளுக்க வரும். எனக்கு வேற மாதிரி தெரியாது."

மைதானம் மூச்சுவிடவில்லை. விட முடியவில்லை என்பதும் ஒரு காரணம்.

ராஜாவுக்கு அந்த நிமிஷம் ஞானம் பிறந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பிறந்தது பாதி மூக்கிலிருந்து, மீதி இடுப்பிலிருந்து. எங்கிருந்து பிறந்தால் என்ன, நல்லது பிறந்தால் சரி.

"சோதனை முடிந்தது," என்றான் ராஜா.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே," என்றார் பண்டிதர்.

"ஒரு துணி பார்த்தாயிற்று. போதும். உத்தரவு ரத்து. அங்காயியின் பானைமேல் யாராவது கை வைத்தால் ஐம்பது சாட்டையடி."

மூன்று தெருவும் ஒரே குரலில் வாழ்க என்றது. அங்காயி அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த அழுகை. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, எழுந்து பண்டிதரிடம் போனாள். மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாதவள்.

"ஐயா, இதைக் குடுத்துட்டுப் போங்க. இந்த வாரத் துணியோட போட்டு வெளுத்துத் தரேன். பாலாட்டம் வரும்."

"மூன்று தெரு அழுக்கோடு என் வேட்டியா?" பண்டிதர் அதைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று துறைக்கு நடந்தார்.

துறையில் அக்கரை போகிற படகு ஆள் நிறைந்து நின்றது. பண்டிதர் ஏறி நடுவில் உட்கார்ந்தார். முதலில் ஒரு மோர்க்காரி இறங்கினாள், எதையோ மறந்து வைத்துவிட்டாளாம். பிறகு இரண்டு சோனக வியாபாரிகள் இறங்கினார்கள். பிறகு ஒரு கல்யாணக் கூட்டமே இறங்கியது. கடைசியில் படகோட்டி துடுப்பை அவர் காலடியில் வைத்துவிட்டு, "சாமி, நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயிடுங்க. படகை மெதுவா அனுப்புனாப் போதும்," என்று தண்ணீரில் குதித்துக் கரையேறினான்.

பண்டிதருக்குத் துடுப்புப் போடத் தெரியாது. யாரிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டதில்லை. படகு நடு ஆற்றில் போய் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. கரையிலிருந்து மூன்று தெருக்காரர்களும் எந்தப் பக்கம் துடுப்பைப் போடுவது என்று ஆளுக்கொரு விதமாகக் கத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அங்காயி அன்றைய துணியை நனைத்து அடுக்கி அடுப்பை மூட்டியபோதும் அவர் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

ஆகையால் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, யாரோடும் கலக்காமல் சுத்தமாக இருப்பேன் என்கிறவன் கடைசியில் தன் அழுக்கோடு தனியாகத்தான் இருப்பான்.