வடக்கு எந்தப் பக்கம்?

“என்னை விட்ருங்க மேடம். நான் போறேன்,” என்றார் கோமதிநாயகம்.

கையில் ராஜினாமாக் கடிதம். நான்கு மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

இருபத்தாறு வருடம் புவியியல் நடத்தியவர். மாணவர் சேரவில்லை என்று அந்தத் துறையை மூடிவிட்டு, அவரைச் சமயவியலுக்கு மாற்றியிருந்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் எப்சிபா அவரைவிட இளையவர். முதலில் புவியியல், பிறகு சமயவியல், இப்போது கல்வியியல். எந்தத் துறையிலும் அவரை வாடகைக்கு வந்தவர் என்றுதான் பேசினார்கள். அவர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

“மூணு துறை எப்படி மாறுனீங்க? எனக்கு மலையும் ஆறுந்தான் தெரியும். சாமியப் பத்தி நான் என்னத்த நடத்த?”

எப்சிபா எழுந்தார். அவரைச் சமயவியல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“போறதுக்கு முன்னால ஒரு உதவி. இந்தப் பிள்ளைகளுக்கு வடக்கு எதுன்னு காட்டிட்டுப் போங்க.”

கோமதிநாயகத்துக்கு இது ஒரு வேலையா என்றிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னாலிருந்த கரும்பலகையைக் காட்டினார்.

வகுப்பு சிரித்தது.

“என்னம்மா சிரிப்பு?” என்று முதல் பெஞ்சிலிருந்த ஷமீமாவைக் கேட்டார்.

“அது வடக்குன்னா, நான் இத்தன நாளும் கிழக்கப் பாத்துல்லா தொழுதிருக்கேன் சார்.”

“எங்க அம்மனும் திரும்பி உக்காந்திருக்கணும் சார்,” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

கோமதிநாயகம் ஜன்னல் வெயிலைப் பார்த்தார். நீட்டிய விரலைப் பார்த்தார்.

பழைய வகுப்பில் பலகை வடக்குச் சுவரில் இருந்தது. உலகப்படமும் அதன்மேல்தான் தொங்கியது. கை பழகிவிட்டது. இந்த அறையில் பலகை தெற்கே இருந்தது.

வெட்கத்தில் முகம் சிவந்தது. அப்புறம் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொப்பை குலுங்கச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் ஷமீமா எழுந்தாள்.

“ஒரு சந்தேகம் சார். டிசம்பர்ல அந்தித் தொழுகை சீக்கிரமே வந்திருது. ஏன் சார்?”

கோமதிநாயகம் சாக்பீஸை எடுத்தார். ஒரு சூரியன் வரைந்தார். பக்கத்தில் பூமியைக் கொஞ்சம் சாய்த்து வரைந்தார்.

வாசலில் நின்றபடி எப்சிபா கேட்டார். “மணி நாலாகப் போகுது சார். கடிதம்?”

அவர் பலகையை விட்டுத் திரும்பவில்லை.

“பாடம் நடக்கு மேடம். அப்புறம் வாங்க.”